ஆறாவது வரிசை

ஜனவரி 8, திங்கள்

பதினொரு மணிக்குப் பதிவுத்தபால் வந்தது. கையெழுத்துப் போட்டு வாங்கியவள் நான், பிரித்தவர் அவர். படித்து முடித்ததும் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்து மாட்டிக்கொண்டு இன்னொரு தடவை படித்தார். பிறகு சமையலறை வாசலில் வந்து நின்றார்.

“ஜெசி, நம்ம ஆறுவிரலி ஸ்டாம்புல வருது.”

இந்த நாட்டில் வாழ்ந்து அழிந்த பழங்கால விலங்குகளை வைத்து நான்கு தபால்தலைகள் வெளியிடப் போகிறார்களாம். மூன்று, வடக்கே கிடைத்தவை. நான்காவது, இருபத்தைந்து வருஷத்துக்கு முன்னால் அரியலூர்ப் பக்கம் ஒரு சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் இவர் நிலவியல் பேராசிரியராக இருந்தபோது கண்டெடுத்த கடல் பிராணி. ஏழு கோடி வருஷம் கல்லுக்குள் கிடந்தது. நீண்ட கழுத்து, சின்னத் தலை, கால்களுக்குப் பதில் துடுப்புகள். அந்த இனத்தில் எந்தத் துடுப்பிலும் விரலெலும்புகள் ஐந்து வரிசைதான் இருக்கும். இதன் வலது முன் துடுப்பில் மட்டும் ஆறு. அதனால்தான் அதற்கு அந்தப் பெயர். இவருக்கும் அதனால்தான் பெயர்.

எலும்புக்கூட்டின் முழுக் கோட்டோவியம் மார்ச் பதினைந்துக்குள் போய்ச் சேர வேண்டும். வரைய வேண்டியவள் நான். கல்லூரி நிலவியல் லேபில் முப்பது வருஷம் கல்லிலிருந்து எலும்பைப் பிரித்தெடுத்ததும் நான்தான், அதை வரைந்ததும் நான்தான். ‘மூலத்தைப் பார்த்து உள்ளது உள்ளபடி வரைந்தது’ என்று அடியில் எழுதிக் கையெழுத்திட வேண்டுமாம்.

அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. தெருமுனை வரை போனார், வந்தார், மறுபடி போனார். பாயசம் வைக்கச் சொன்னார். வைத்தேன். சேமியா குழைந்துவிட்டது. மோட்டாரை நிறுத்த மறந்து தொட்டி வழிந்து மாடிப்படியெல்லாம் தண்ணீர்.

ஜனவரி 9

இரவு தூக்கமில்லை. சேமியா வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது.

ஜனவரி 13

ஆல்பங்களை எல்லாம் கூடத்தில் பரப்பிவிட்டார். நாற்பது வருஷமாகச் சேர்த்தவை. எல்லாம் அழிந்துபோன விலங்குகள். எந்த நாடு எந்த வருஷம் எந்தப் பிராணியைப் போட்டது என்று கேட்டால் தூக்கத்திலும் சொல்வார். ஐம்பத்தொன்றில் நம் நாடு போட்ட இரண்டணா தபால்தலையை இடுக்கியால் எடுத்துக் காட்டினார். நீளமாக வளைந்த தந்தங்களோடு இரண்டு பழங்கால யானைகள்.

“அப்பல்லாம் எந்த நாட்டுக்காரன் இப்படிப் போட்டான்? நம்மாளுங்க போட்டாங்க. அதுக்கப்புறம் இப்ப நம்மளோடது.”

வெளிநாட்டுப் பக்கங்களைப் புரட்டும்போது அவருக்கு ஒரு சந்தோஷம் உண்டு. தப்பு கண்டுபிடிப்பது.

“இதப் பாரு, வாலைத் தரையில இழுத்துக்கிட்டுப் போகுது. அறுபதுகள்ல எல்லாரும் அப்படித்தான் நெனச்சாங்க. புஸ்தகத்துல தப்பு இருந்தா அடுத்த பதிப்புல மாத்தலாம். ஸ்டாம்புல தப்பு வந்தா அவ்வளவுதான். நூறு வருஷம் கழிச்சும் எவனாவது ஆல்பத்துல வச்சிக்கிட்டுச் சிரிப்பான்.”

பொங்கலுக்குக் கரும்பு வாங்க வேண்டும். மஞ்சள் கொத்து பக்கத்து வீட்டில் தருவதாகச் சொன்னார்கள்.

ஜனவரி 20

தலை முடிந்தது. கழுத்தில் முப்பத்தெட்டு எலும்பு முடிந்தது. கை இன்னும் நடுங்கவில்லை. ஐம்பத்தொன்பது வயதுக்கு இது பெரிய விஷயம் என்று அவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே சொன்னார். அவர் பார்த்தால் எனக்கு வரைய வரவில்லை. கடைக்கு அனுப்பினேன்.

ஜனவரி 27

கல்லூரி மியூசியத்துக்குப் போய் மூலத்தைப் பார்த்து வரைந்தேன். விலா எலும்புகள், இடுப்பு, பின் துடுப்பு இரண்டு. முன் துடுப்பில் இடது பக்கத்தது கிடைக்கவே இல்லை, அந்த இடத்தைப் புள்ளிக்கோடாக விடவேண்டியதுதான். வலது துடுப்பை இன்று வரையவில்லை. அந்த மூலையில் டியூப்லைட் சரியாக எரியவில்லை.

பிப்ரவரி 1

மறுபடி போனேன். டியூப்லைட்டை மாற்றிவிட்டார்கள். வால் எலும்புகளைச் சரிபார்த்துவிட்டு வந்துவிட்டேன்.

பிப்ரவரி 3

பிரின்சிபால் போன் செய்தார். தபால்தலை வெளியாகும் அன்று கல்லூரியில் விழா எடுக்கலாமா என்று கேட்டாராம். போனை வைத்ததும் இவர் சொன்னார்: “அந்தத் தையல்நாயகி எங்கேயோ பெரம்பலூர்ப் பக்கம் டீச்சரா இருக்காளாம். பேப்பர்ல பாக்கட்டும். பாத்துத் தெரிஞ்சுக்கட்டும்.”

தையல்நாயகி இவரிடம் ஆராய்ச்சி செய்த பெண். கெட்டிக்காரி. இரண்டாயிரத்தாறில், ஆறாவது வரிசையில் ஏதோ தப்பு இருக்கிறது, அந்த எலும்புகளின் ஓரங்கள் இயற்கையாக இல்லை என்று சொன்னாள். இவருக்குக் கோபம் வந்துவிட்டது. ஆய்வேட்டில் கையெழுத்துப் போட மறுத்துவிட்டார். அவள் பட்டம் வாங்காமலே போய்விட்டாள். அன்று நான் அந்த அறையில் இல்லை.

பிப்ரவரி 5

அன்று நான் அந்த அறையில் இருந்தேன். நேற்றைக்கு முந்தின நாள் எழுதியதைப் படித்துப் பார்த்தேன், அது சரியில்லை. லேப் தொட்டியில் மணல் தட்டு கழுவிக்கொண்டிருந்தேன். தண்ணீர்ச் சத்தத்தில் அவர்கள் பேசியது சரியாகக் காதில் விழவில்லை.

சிலிண்டர் தீர்ந்துவிட்டது. பதிவு செய்தாயிற்று. இரண்டு நாள் மின்னடுப்பில் ஓட்ட வேண்டும்.

பிப்ரவரி 14, சாம்பல் புதன்

காலைப் பூசைக்குப் போய்ச் சாம்பல் பூசிக்கொண்டு வந்தோம். ஒருசந்தி, ஒரு வேளைச் சாப்பாடுதான். அவருக்கு பிரஷர் மாத்திரை இருப்பதால் கஞ்சி மட்டும் கொடுத்தேன். “படம் எவ்வளவு தூரம் வந்திருக்கு?” என்றார். “ஒரு துடுப்புதான் பாக்கி” என்றேன். “கடைசியா வச்சிருக்கியா, நல்லதுதான். அதுதான் உசிரு” என்றார்.

பிப்ரவரி 17, சனி

பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். வேலைக்கார அம்மாளிடம் எரிந்து விழுந்ததையும், ஒரு ஞாயிறு பூசைக்குப் போகாததையும் சொன்னேன். “வேற ஏதாவது?” என்று சாமியார் கேட்டார். இல்லை என்றேன். மூன்று ‘அருள்நிறை மரியே’ செபம் சொல்லச் சொன்னார். சொன்னேன். வீட்டுக்கு நடந்து வரும்போது செருப்பு அறுந்துவிட்டது. கையில் எடுத்துக்கொண்டு வெறுங்காலோடு வந்தேன்.

பிப்ரவரி 19

அவர் கண் டாக்டரிடம் போயிருக்கிறார். இரண்டு மணி நேரம் ஆகும். எழுதிவிடுகிறேன்.

இரண்டாயிரத்தொன்று டிசம்பர். அவர் லக்னோவில் ஒரு கருத்தரங்குக்குப் போயிருந்தார். வலது முன் துடுப்பைக் கல்லிலிருந்து முக்கால்வாசி பிரித்து மணல் தட்டில் வைத்திருந்தேன். எட்டு மாத வேலை. அந்தத் தட்டை இரண்டு பேர் சேர்ந்துதான் தூக்க வேண்டும் என்று லேபில் கட்டளை. அன்று அரைநாள் விடுமுறை, ஆள் இல்லை. ஜன்னல் பக்கம் கொண்டுபோனால் வெளிச்சம் நன்றாக இருக்குமே என்று தனியாகத் தூக்கினேன்.

நான்கு அடி வைத்திருப்பேன். தட்டின் ஒரு மூலை சாய்ந்தது. மணலோடு சேர்ந்து எல்லாம் சரிந்து சிமெண்டுத் தரையில் விழுந்தது. கண்ணாடி உடைகிற மாதிரி சத்தம் வரவில்லை. மண்பானை உடைகிற மாதிரி, பொத்தென்று. சில எலும்பு இரண்டாக உடைந்தது, சில மூன்றாக. சில வெறும் தூளாகிவிட்டது.

பொறுக்கினேன். முட்டி போட்டுக்கொண்டு, மேசைக்கடியிலும் அலமாரிக்கடியிலும் பொறுக்கினேன். முன்னால் எடுத்த போட்டோ ஒன்றே ஒன்றுதான் இருந்தது, அதுவும் கலங்கல். ஐந்து நாள் உட்கார்ந்து ஒட்டினேன். எது எதோடு சேரும் என்று தெரியாத துண்டுகளை ஓரம் ராவி உருட்டித் தனி எலும்பாக வைத்துவிட்டேன். இடைவெளிகளில் பிளாஸ்டரோடு சுண்ணாம்புக்கல் தூளைக் கலந்து நிரப்பினேன். டீ டிகாஷனில் நிறம் ஏற்றினேன். எத்தனை வரிசை வந்தது என்று எண்ணவே இல்லை. சத்தியமாக எண்ணவில்லை. அவர் வந்ததும் சொல்லிவிடுவது என்றுதான் இருந்தேன்.

அவர் ரயிலிலிருந்து இறங்கி நேராக லேபுக்கு வந்தார். பெட்டியைக்கூடக் கீழே வைக்கவில்லை. துடுப்பின் மேல் குனிந்தார். விரலை நீட்டி எண்ணினார். மறுபடி எண்ணினார். பெட்டியைக் கைவிட்டுவிட்டு என்னைத் தோளைப் பிடித்து உலுக்கினார்.

“ஜெசி, ஆறு! ஆறு இருக்குடி!”

கல்யாணமாகி எட்டு வருஷத்தில் அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன்.

கேட் சத்தம் கேட்கிறது. வந்துவிட்டார்.

பிப்ரவரி 21

தண்ணீர்ச் சத்தம் என்று எழுதியதும் பொய். குழாயை மூடிவிட்டுத்தான் நின்றேன். தையல்நாயகி அவரிடம் பேசிக்கொண்டிருந்தவள் என் பக்கம் திரும்பினாள். அப்போதெல்லாம் என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவாள். மத்தியானம் என் டப்பாவிலிருந்து சாப்பிடுவாள்.

“அக்கா, நீங்கதானே இத எடுத்தீங்க. நீங்க சொல்லுங்க. இது கல்லுக்குள்ள இப்படியேதான் இருந்துச்சா?”

அவர் என்னைப் பார்த்தார். நான் சொன்னேன்: “இப்படியேதான் இருந்துச்சு. என் கையால எடுத்தேன்.”

அவள் லென்ஸைப் பைக்குள் போட்டுக்கொண்டு போனாள்.

பிப்ரவரி 23

இன்று சொல்ல நினைத்தேன். காலையில் அவருக்கு இருமல். மத்தியானம் அவருடைய அண்ணன் வந்துவிட்டார். சாயந்திரம் அவர் ஆல்பத்தில் புதிய தபால்தலைக்கென்று ஒரு பக்கம் ஒதுக்கி ஸ்கேல் வைத்துக் கோடு போட்டுக்கொண்டிருந்தார்.

பிப்ரவரி 24, சனி

சொல்லிவிட்டேன்.

காலைச் சாப்பாடு முடிந்து அவர் கை கழுவிவிட்டு வந்தபோது படத்தை மேசையில் விரித்தேன். வலது துடுப்பு இருக்க வேண்டிய இடம் வெள்ளையாக இருந்தது.

“இன்னும் முடிக்கலையா? மூணு வாரம்கூட இல்ல ஜெசி.”

“அந்தத் துடுப்ப நான் கீழ போட்டுட்டேங்க.”

“எப்போ? மியூசியத்துலயா?” என்று பதறி எழுந்தார்.

“நீங்க லக்னோ போயிருந்தப்போ. ஒட்டி வச்சேன். ஆறாவது வரிசை நான் பண்ணது. உடைஞ்ச துண்டும் பிளாஸ்டரும்.”

உட்கார்ந்தார். ரொம்ப நேரம் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். 

“எனக்கு ஏன் சொல்லல?”

“நீங்க சந்தோஷமா இருந்தீங்க.”

“இருபத்திரண்டு வருஷமாவா?”

 எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு போனார். மூன்று மணிக்குத்தான் திரும்பி வந்தார். மியூசியத்துக்குப் போய்க் கண்ணாடிப் பெட்டியைத் திறக்கச் சொல்லியிருக்கிறார். நகக்கண்ணில் வெள்ளையாகத் தூள். சோப்புப் போட்டுக் கழுவினார், கழுவினார், கழுவிக்கொண்டே இருந்தார். பிறகு என் பக்கம் திரும்பாமலே சொன்னார்:

“அந்தப் பொண்ணு கேட்டப்போ நான் அவ முகத்தப் பாக்கல. உன் முகத்தப் பாத்தேன். நீ சொன்னதால அவள வெளிய போன்னேன்.”

பிப்ரவரி 26

பேசுவதில்லை. சாப்பிடுகிறார். தட்டைக் கழுவி வைக்கிறார். மாத்திரையை அவரே எடுத்துக்கொள்கிறார்.

பிப்ரவரி 29

இன்று பேசினார்.

“ஆறா வரைஞ்சு குடுத்துடு.”

எனக்குச் சரியாகக் கேட்டதா என்று சந்தேகமாக இருந்தது.

“மத்த எலும்பெல்லாம் நிஜம். பிராணி நிஜம். ஸ்டாம்பு என்ன சைஸ் இருக்கும்? எவன் லென்ஸ் வச்சு வரிசைய எண்ணப் போறான்?”

“நீங்க எண்ணுவீங்க” என்றேன். “வேற நாட்டு ஸ்டாம்பா இருந்தா நீங்க எண்ணியிருப்பீங்க.”

“எனக்கு அறுபத்தெட்டு வயசு ஜெசி. இதத் தவிர என்கிட்ட என்ன இருக்கு?”

அவரை நான் இந்த நிலைக்குக் கொண்டுவந்துவிட்டேன். லேபில் ஒரு தட்டின் மேல் எண்ணைத் தப்பாக எழுதியதற்கு என்னை மூன்று நாள் திட்டின மனுஷன்.

மார்ச் 4, திங்கள்

அவரிடம் சொல்லாமல் பெரம்பலூர் போனேன். பஸ்ஸில் ஜன்னல் பக்கம் இடம் கிடைத்தும் வெளியே எதையும் பார்த்த ஞாபகம் இல்லை. அவள் வேலை பார்க்கும் அரசுப் பள்ளியை விசாரித்துக் கண்டுபிடிக்கப் பதினொன்றரை ஆகிவிட்டது.

தையல்நாயகிக்கு நாற்பத்தாறு வயது இருக்கும். முன்நெற்றியில் நரை. என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிட்டது, முகம் மாறவில்லை. “வாங்க மேடம்” என்றாள். மேடம் என்றாள். அறிவியல் ஆய்வகத்தில் உட்காரவைத்தாள்.

எல்லாவற்றையும் சொன்னேன். தட்டு விழுந்தது, ஒட்டியது, அன்று அவளிடம் பொய் சொன்னது, இப்போது தபால்தலைக்கு வரையச் சொல்லியிருப்பது.  சொல்லி முடித்ததும் எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினாள். வெளியே பிள்ளைகள் சத்தம்.

“பதினெட்டு வருஷம் மேடம். சார் திட்டினது எனக்கு ஒண்ணுமில்ல, அவர் எல்லாரையும் திட்டுவார். பட்டம் போனதுகூடப் பரவால்ல. நீங்க அப்படிச் சொன்னதும் நான் என் கண்ணையே நம்பாமப் போயிட்டேன். பாத்தது தப்போ, தப்போன்னு. அதுக்கப்புறம் ஒரு ஃபாசிலக்கூட நான் கையில எடுக்கல. தெரியுமா உங்களுக்கு?”

தெரியாது என்றேன். மன்னிப்பு என்ற வார்த்தை வாயில் வந்தது, அதைச் சொல்ல எனக்கே கூச்சமாக இருந்தது. சொன்னேன். அவள் கேட்டுக்கொண்ட மாதிரியே காட்டிக்கொள்ளவில்லை.

“ஸ்டாம்பு வரட்டும் மேடம். நீங்க ஆறாவே வரைஞ்சு அனுப்புங்க. வெளியான மறுநாள் நான் எழுதறேன். அப்பதான் எல்லாரும் படிப்பாங்க.”

சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் தன் கையையே பார்த்தாள். பிறகு அவளே தலையை ஆட்டினாள்.

“வேணாம். எங்க பசங்க அத வாங்கி நோட்டுல ஒட்டுவாங்க. தப்புன்னு தெரிஞ்சே அவங்களுக்கு எப்படிக் காட்டுவேன்?”

ஒரு வெள்ளைத் தாளும் பேனாவும் எடுத்து என் முன்னால் வைத்தாள். “இப்ப வாயால சொன்னத எழுத்துல குடுங்க. தேதி போட்டு.”

எழுதினேன். இரண்டு பக்கம் வந்தது. அவள் ஒவ்வொரு வரியாகப் படித்தாள். “‘தவறுதலாக’ன்னு ஒரு எடத்துல எழுதியிருக்கீங்க. கீழ போட்டது தவறுதல். என்கிட்ட சொன்னது தவறுதல் இல்ல. அத அடிச்சிடுங்க” என்றாள். அடித்துவிட்டு அருகில் கையெழுத்துப் போட்டேன்.

மார்ச் 5

எங்கே போனாய் என்று அவர் கேட்கவில்லை. நானே சொன்னேன். செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு மாடிக்குப் போனார்.

மார்ச் 8

காலை முதல் அறைக்குள் அலமாரியைக் குடைகிற சத்தம். அவர் எதையோ தேடுகிறார். கூடத்தில் ஆல்பங்கள் பரப்பின இடத்திலேயே கிடக்கின்றன. பெருக்குவதற்குத் தோதாக அவற்றை அடுக்கி வைத்தேன்.

மார்ச் 11, திங்கள்

தபால் துறைக்குக் கடிதத்தை நானே எழுதி, நானே ஸ்பீட்போஸ்டில் போட்டேன். ‘வலது முன் துடுப்பில் ஆறு வரிசை என்பது உண்மையல்ல. அது என் கைவேலை. உள்ளது உள்ளபடி என்று இந்தப் படத்தின் கீழ் என்னால் கையெழுத்திட முடியாது.’ வேறொன்றும் எழுதவில்லை. வீட்டுக்கு வந்து அவரிடம் சொன்னேன்.

“அவங்களுக்கு எழுதறதுக்கு முன்னாடி என்கிட்ட ஒரு வார்த்த கேக்கணும்னு தோணலையா?”

“கேட்டா வேணாம்பீங்க.”

“ஆமா” என்றார். அந்த ‘ஆமா’வில் கோபம் இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

மார்ச் 14

சென்னையிலிருந்து ஒரு அதிகாரி போன் செய்தார். நல்ல மனிதர், தன்மையாகப் பேசினார். “மேடம், ரொம்ப லேட் ஆயிடுச்சு. ஒண்ணு பண்ணலாமா? பிராணி தண்ணிக்குள்ள நீந்தற மாதிரி வரைஞ்சிடலாம். அந்தத் துடுப்பு மட்டும் அலைக்குள்ள மறைஞ்சிடும். பிரச்சினையே இல்ல.”

எவ்வளவு சுலபம். என் நெஞ்சு ஒரு நிமிஷம் லேசாகிவிட்டது. அப்புறம் கேட்டேன்: “அடியில பேரு என்னன்னு போடுவீங்க சார்?”

“அதான் மேடம், ஆறுவிரலி...” என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார்.  “சரி மேடம். மூணு ஸ்டாம்பாவே போட்டுடறோம்” என்றார்.

திரும்பினால் அவர் கதவருகே நின்றுகொண்டிருந்தார். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். எலுமிச்சம்பழம் இருக்கிறதா என்று மட்டும் கேட்டார். சர்பத் போட்டுக் கொடுத்தேன்.

மார்ச் 19, செவ்வாய்

காலை ஏழு மணிக்கே சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு, துணிப்பையில் எதையோ வைத்துக்கொண்டு கிளம்பினார். எங்கே என்று சொல்லவில்லை. பிரஷர் மாத்திரையை எடுத்துக்கொள்ளாமல் போய்விட்டார். பத்து மணி வரை வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்தேன். கீரையை ஆய்ந்து பாதியில் வைத்துவிட்டேன்.

பத்தரைக்குப் போன். தையல்நாயகி.

“மேடம், சார் இங்க வந்திருக்கார். ஸ்டாஃப் ரூம்ல உக்காந்திருக்கார். என்ன சார்னு கேட்டா ஒண்ணும் சொல்ல மாட்டேங்கறார். எனக்கு அடுத்தடுத்து பீரியட் இருக்கு. நான் என்ன பண்ண?”

“நீ கிளாஸுக்குப் போம்மா. அவர் இருப்பார்.”

“தண்ணிகூட வேணாம்ங்கறார் மேடம்.”

“இருப்பார். நீ போ.”

மூன்று பீரியட் உட்கார்ந்திருக்கிறார். ஒன்றேகாலுக்கு மறுபடி போன் வந்தது. பேசினது அவள்தான், பின்னால் அவர் குரலும் கேட்டது. பையில் அவர் கொண்டுபோனது அவளுடைய ஆய்வேடு. பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் மூன்றாவது அத்தியாயத்தோடு மூடி அலமாரியில் எறிந்தது. பத்து நாளாக அறைக்குள் உட்கார்ந்து முழுவதையும் படித்திருக்கிறார். ஓரத்திலெல்லாம் பென்சில் குறிப்பு. கடைசிப் பக்கத்தில் கையெழுத்து.

“இந்தக் கையெழுத்துக்கு இப்ப ஒரு மதிப்பும் இல்ல சார்னு சொன்னேன் மேடம். தெரியும்ங்கறார். தப்பு என்னோடதுன்னார். அத மட்டும் தெளிவா சொன்னார். அதோட விட்டாரா? நூத்திப்பன்னண்டாம் பக்கத்துல நான் அளந்தது தப்புங்கறார்!”

“தப்புதான்” என்று பின்னால் அவர் குரல். “கோணத்த எங்கேருந்து எடுத்திருக்கே, அதச் சொல்லு.”

“சார், அது தப்பு இல்ல. அடுத்த பக்கத்துலயே விளக்கம் இருக்கு. நீங்க திருப்பிப் பாக்கல.”

“திருப்பிப் பாத்தேன்.”

“எங்க பாத்தீங்க? குடுங்க அத இப்படி.”

என்னை மறந்துவிட்டார்கள். போனை யாரும் வைக்கவில்லை. தாள் புரளும் சத்தம், பள்ளிக்கூட மணி, மறுபடி இரண்டு பேரும். நான் காதில் வைத்தபடியே நின்றேன். இருபத்தெட்டு நிமிஷம் ஓடியிருப்பதாக அப்புறம் போன் காட்டியது.

மார்ச் 24, குருத்தோலை ஞாயிறு

அவர் என்னோடு கோவிலுக்கு வந்தார். பூசைக்கு முன்னால் பாவசங்கீர்த்தனக் கூண்டில் முட்டி போட்டுப் போன தடவை சொல்லாததைச் சொன்னேன். சாமியார் என்ன சொன்னார் என்பதை எழுத வேண்டாம்.

துடுப்பைப் பிரித்துப் பார்க்க எங்கள் மூன்று பேர் பெயரிலும் இவர் கல்லூரிக்கு விண்ணப்பம் கொடுத்திருக்கிறார். முதல் பெயர் தையல்நாயகியுடையது.

ஏப்ரல் 6, சனி

ஒன்பது மணிக்கு தையல்நாயகி பஸ்ஸில் வந்து இறங்கினாள். மியூசியத்தில் துடுப்பைப் பெட்டியிலிருந்து எடுத்து மேசையில் வைத்திருந்தார்கள். நான் வழக்கம்போல முந்தானையைச் செருகிக்கொண்டு பக்கத்தில் போனேன்.

“நீங்க இங்கேயே இருங்க மேடம். பாருங்க. ஆனா கை வைக்காதீங்க.”

கடுமையாகச் சொல்லவில்லை. ஒரு பொருள் எங்கே இருக்க வேண்டும் என்று சொல்கிற மாதிரி சொன்னாள்.  நான் ஸ்டூலை இழுத்துப் போட்டு, கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

அசிட்டோனில் பஞ்சை நனைத்து ஒட்டின இடத்தில் வைத்து வைத்து எடுத்தாள். முதல் அரைமணி நேரம் ஒவ்வொரு இடத்தையும் லென்ஸில் இரண்டு தடவை பார்த்தாள். பிறகு ஒரு தடவை போதுமாக இருந்தது. என் பசை இளகியது. என் பிளாஸ்டர் உதிர்ந்தது. டிகாஷன் நிறத்துக்குக் கீழே சுத்த வெள்ளை. தனி எலும்பு என்று நான் ராவி உருட்டி வைத்ததை எடுத்துக் கழுவி, பக்கத்து வரிசையில் பாதியாக நின்ற எலும்போடு பொருத்தினாள். ஓரம் போயிருந்தாலும் உள்ளே கல்லின் ரேகை ரேகையோடு சேர்ந்தது. அவர் பக்கத்தில் நோட்டோடு நின்று அவள் சொல்லச் சொல்ல எழுதினார். நடுவில் ஒரு தடவை அவள் சொன்ன எண்ணைச் சந்தேகப்பட்டார். அவள் லென்ஸை அவர் கையில் கொடுத்தாள். குனிந்து பார்த்துவிட்டு அவள் சொன்னதையே எழுதினார்.

மத்தியானம் சாப்பிட யாரும் எழுந்திருக்கவில்லை. நான் டப்பாவில் கொண்டுபோன எலுமிச்சை சாதத்தை நீட்டினேன். “நான் கொண்டுவந்திருக்கேன் மேடம்” என்றாள். அவளுடைய டப்பாவும் அப்படியே மூடித்தான் இருந்தது.

நாலே முக்காலுக்கு லென்ஸைக் கீழே வைத்தாள். கையைத் துடைத்துக்கொண்டாள். பிரித்தெடுத்த பிளாஸ்டர் எல்லாம் ஒரு சின்னக் கிண்ணத்தில் இருந்தது, ஒரு கைப்பிடிகூட இல்லை. அவர் பேனாவோடு காத்திருந்தார். அவள் வரிசையைச் சொல்லவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

“மேடம், நீங்க வந்து எண்ணுங்க. சத்தமா எண்ணுங்க. சார் எழுதிக்கட்டும்.”

எழுந்து போனேன். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்தேன். இருபத்திரண்டு வருஷமாக அந்தத் துடுப்பைத் துடைத்திருக்கிறேன், வரைந்திருக்கிறேன், பெட்டியில் வைத்துப் பூட்டியிருக்கிறேன். ஒரு தடவைகூட எண்ணினதில்லை.

ஒன்று என்றேன்.  இரண்டு. மூன்று. நான்கு. ஐந்து.

“அப்புறம்?” என்றாள் தையல்நாயகி.

“அவ்வளவுதான். அதுக்கு மேல இல்ல.”

அவர் எழுதினார்.